கடைக்கால் கூறும் வரலாறு

ஊர்ப்பெயர்களில் உறைந்து கிடக்கும் வரலாற்றை நாம் பெரும்பாலும் ஊன்றிப் பார்ப்பதில்லை. தமிழகத்தில் 'சமுத்திரம்' என்று முடியும் ஊர்கள் பல உண்டு. அம்பாசமுத்திரம், இரவணசமுத்திரம், கோபாலசமுத்திரம் என்று அவ்வரிசை நீளும். இவ்வூர்களுக்கும் கடலுக்கும் தொடர்பில்லை. பெரிய ஏரியையும் கண்மாயையும் கடலாகவே கண்டு களித்த முன்னோர், நீர்வளம் மிக்க குடியிருப்புகளுக்கு அப்பெயரைச் சூட்டினர். திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு அணித்தே மலையடிவாரத்தில் அமைந்துள்ள பாலசமுத்திரமும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதாகும். பாலாற்றின் பெயரையும் பொருந்தலாற்றின் பெயரையும் சேர்த்துத் தாங்கிய அணை அவ்வூருக்கு அருகிலேயே உள்ளது.

அதே வட்டாரத்திலுள்ள பொருந்தலில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராஜன் அகழாய்வு நடத்தினார். அங்கே ஈமச்சின்னம் ஒன்றில், சாடி ஒன்றினுள் நெல் கிடைத்தது. அந்நெல்லின் காலம் ஏறத்தாழ கி.மு. 490 என்று அறிவியல் ஆய்வு கணித்தது. நெல் விளைந்தது என்றால் நீர் இருந்தது. நீர் இருந்தமையால் மக்கள் இருந்தனர். ஆக, இவ்வடிவாரத்தில் மனிதன் நீரை நம்பி வாழத் தொடங்கி இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகின்றன. ஆனால் வாழ்வளித்த அந்த நீரே, அவன் கட்டிய வீட்டின் காலடியைச் சோதித்துப் பார்க்கும் பகையாகவும் இருந்து வந்துள்ளது. பழைய வீடுகளின் அடித்தளம் தளர்வதும், அதனைச் செப்பனிட மனிதன் முயன்றதும் தனியொரு வரலாறாகும். அரண்மனைகளின் வரலாற்றை எழுதுவோர் அதனை எழுதுவதில்லை.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். ஆங்கிலேயர் 'பேஸ்மெண்ட்' என்று கூறுவது தரைக்குக் கீழேயுள்ள நிலவறையை. நம் கொத்தனார்கள் அச்சொல்லை வாங்கிப் 'பேஸ்மட்டம்' என்றாக்கியபோது, அது தரைக்கு மேலே எழும்பி நிற்கும் அடிமேடையைக் குறிப்பதாயிற்று. இதனைப் பிழை என்று கூறுவதற்கில்லை. குளிர்நாட்டான் குளிருக்கு அஞ்சி மண்ணுக்குள் இறங்கினான். மழைநாட்டான் வெள்ளத்துக்கும் ஈரத்துக்கும் அஞ்சித் தரைக்கு மேல் ஏறினான். வானம் தோண்டி, கல்லும் மண்ணும் இட்டுக் கடைக்கால் எழுப்பி, அதன்மேல் இடுப்பளவு பேஸ்மட்டம் கட்டி, அதிலே திண்ணை அமைத்து, பின்னரே நம் முன்னோர் சுவர் எடுத்தனர். வழிப்போக்கன் அமர்ந்து இளைப்பாறிய திண்ணை, உண்மையில் வீட்டை ஈரத்திலிருந்து காத்த அரணுமாகும்.

இத்தகைய வீட்டுக்கு நோய் எவ்வாறு வருகிறது? சுவரில் விரிசல் காண்கிறது. நிலைக்கதவு சாத்த மறுக்கிறது. தரையின் ஒரு மூலை தாழ்கிறது. சுவரின் அடிப்பகுதி உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்கிறது. இவை யாவும் நோயின் அறிகுறிகளே அன்றி நோயல்ல. நோய் மண்ணில் இருக்கிறது. பெரும்பாலும் மண்ணிலுள்ள நீரில் இருக்கிறது. செம்மண்ணும் சரளையும் பாரத்தைத் தாங்கும். எனினும் கூரைநீர் ஓயாது ஓரிடத்திலேயே விழுமானால் அவையும் அரிக்கப்படும். கரிசல் மண்ணோ மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும். அதன்மேல் நிற்கும் சுவர் ஆண்டுக்கு ஒருமுறை தூக்கப்பட்டு மீண்டும் இறக்கப்படுகிறது. இக்கரிசலின் குணத்தை ஆராய்ந்த ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், அடியிலே குமிழ்போல அகன்ற கான்கிரீட் தூண்களை ஆழத்தில் ஊன்றும் முறையை வளர்த்தெடுத்தனர். ஆழமான கரிசலில் அத்தூண் மூன்றரை மீட்டருக்குக் குறையலாகாது என்பது இந்தியத் தரநிர்ணய விதி. பருவத்துக்குப் பருவம் மாறும் ஈரம் எட்டாத ஆழத்திலே கால் ஊன்றவேண்டும் என்பதே அதன் கருத்து.

நிலத்தடி நீர் நிலைகுலைந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. 2019 ஆகஸ்ட் 31 அன்று கொல்கத்தாவின் பவ்பஜார் பகுதியில், மெட்ரோ ரயிலுக்காகச் சுரங்கம் துளைத்த இயந்திரம் நீர் நிறைந்த மண்ணடுக்கைத் தாக்கியது. நீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. மேலே குறுகிய சந்துகளில் நெருங்கி நின்ற பழைய வீடுகள் விரிசலுற்றன. சில இடிந்து வீழ்ந்தன. நூற்றுக்கணக்கானோர் உடுத்த துணியோடு வெளியேறினர். 2022 ஆம் ஆண்டிலும் அப்பகுதி வீடுகளில் மீண்டும் வெடிப்புகள் தோன்றின. அவ்வீடுகளின் சுவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவற்றின் காலுக்குக் கீழிருந்த மண் அகன்றுவிட்டது, அவ்வளவே.

காரணம் அறிந்து பின் கை வைக்க வேண்டும் என்னும் இவ்வுண்மை புதிதன்று. துனிஸ் நகரில் 1332 இல் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், 1377 இல் இயற்றிய தம் 'முகத்திமா'வில் கட்டடத் தொழிலுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியுள்ளார். நெருங்கி வாழும் நகரமக்கள் சுவர் பற்றியும் நீர்க்கால் பற்றியும் வழக்காடுவதையும், சாய்ந்த சுவரின் நிலையை அறிந்து கூறக் கைதேர்ந்த கட்டடக்காரரை நீதிபதிகள் நாடுவதையும் அவர் அதிலே விளக்குகிறார். மன்னர்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்த பேரறிஞர், அண்டை வீட்டானின் கழிவுநீர் நம் சுவரை நனைக்கும் சிறு வழக்கையும் வரலாற்றுக்குள் கொண்டுவந்தார். கொத்தனாரின் கண்ணுக்குக் காஜியும் மதிப்பளித்த காலம் அது. இன்று நாமோ கொத்தனாரிடம் காரணத்தைக் கேட்பதில்லை. 'எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும்?' என்றே கேட்கிறோம்.

காரணத்தை அறிந்து செயல்பட்டதன் வெற்றிக்கு இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயம் தக்க சான்றாகும். 1079 இல் தொடங்கப்பட்ட அக்கட்டடத்தின் கிழக்குப் பகுதி, பின்னர் 13 ஆம் நூற்றாண்டில் விரிவாக்கப்பட்டது. ஈரமான புல்லழுகல் மண்ணின்மேல் மரக்கட்டைகளைப் பரப்பி அதன்மேல் சுவர் எடுத்திருந்தனர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்கள் சாய்ந்து, கை நுழையும் அளவு வெடிப்புகள் கண்டன. அடியில் தோண்டினால் நீர் பொங்கிற்று. நீரை இறைத்தாலோ, நீரோடு மண்ணும் வந்து சுவர் மேலும் தாழும். இந்த இக்கட்டில், நீரை இறைக்காமலே வேலை செய்வது எப்படி என்று பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸ் சிந்தித்தார். வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்பவர் அழைக்கப்பட்டார்.

1906 முதல் 1911 வரை, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், இருபதடி ஆழம் வரை சென்ற கலங்கல் நீருக்குள் வாக்கர் நாள்தோறும் இறங்கினார். இருட்டில் விளக்கும் பயன்படவில்லை. கைகளால் தடவியே அழுகல் மண்ணை அகற்றிக் கான்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். அடியில் நீர் புகாதபடி அடைத்த பிறகே தண்ணீர் இறைக்கப்பட்டது. அதன்மேல் மற்றவர்கள் கட்டுவேலையை முடித்தனர். இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கான்கிரீட் கட்டிகளும், ஒன்பது லட்சம் செங்கற்களும் அப்பணியில் செலவாயின. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கையன்று. ஒரே நேரத்தில் முழுச்சுவரின் அடியையும் திறந்துவிடாமல், துண்டு துண்டாகத் திறந்து, ஒன்றை அடைத்த பின்னரே அடுத்ததைத் தொட்ட அந்தப் பொறுமையையே ஆகும்.

இதற்கு மாறாக, அவசரம் என்ன செய்யும் என்பதைப் பைசா நகரின் சாய்ந்த கோபுரம் காட்டுகிறது. 1173 இல் தொடங்கிய கோபுரம், சில நிலைகள் எழுந்ததும் இளகிய களிமண்ணில் சாயத் தொடங்கியது. போர்கள் முதலியவற்றால் பணி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தடைப்பட்டது. அந்தத் தடையே கோபுரத்தைக் காத்தது என்பர் மண்ணியல் அறிஞர். இடைப்பட்ட காலத்தில் களிமண் இறுகிப் பாரம் தாங்கும் வலிவு பெற்றது. மனிதன் சும்மா இருந்தபோது மண் தன் வேலையைச் செய்தது. பின்னர் அவன் கை வைத்தபோதோ தீங்கு விளைந்தது. 1838 இல் புதைந்த அடிப்பகுதியைக் காட்டுவதற்காகச் சுற்றிலும் பள்ளம் தோண்டினர், சாய்வு மிகுந்தது. 1934 இல் அடித்தளத்தைத் துளையிட்டுச் சிமெண்ட் குழம்பைச் செலுத்தினர். சாய்வு மேலும் மிகுந்தது. 1990 இல் கோபுரம் மூடப்பட்டது. 1995 இல் நிலத்தை உறையவைத்து வேலை செய்ய முற்பட்டபோது, ஒரே இரவில் கோபுரம் ஆபத்தான அளவுக்கு நகர்ந்தது. இறுதியில் வென்ற முறையோ மிக எளியது. சாய்ந்த பக்கத்தைத் தூக்க முயலாமல், எதிர்ப்பக்கத்து மண்ணைச் சிறிது சிறிதாகத் துளைக்கருவி கொண்டு எடுத்தனர். 1999 முதல் 2001 வரை நடந்த அப்பணியால் கோபுரம் ஏறத்தாழ அரைப் பாகை நிமிர்ந்தது. 2001 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. ஒவ்வொரு கைப்பிடி மண்ணை எடுத்த பின்னும் அளந்து பார்த்தனர் என்பதே அவ்வெற்றியின் இரகசியம்.

பேராலயத்துக்கும் கோபுரத்துக்கும் பொருந்தும் இவ்வுண்மை நம் ஊர் ஓட்டு வீட்டுக்கும் பொருந்தும். இங்கே நாம் செய்யும் பெரும்பிழை சிமெண்டைச் சர்வரோக நிவாரணியாகக் கருதுவதே. 1824 இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்டு, 1904 இல் நம் சென்னையிலேயே முதன்முதலாக உற்பத்தி செய்யப்பட்டது.  அதுகாறும் சுண்ணாம்புக் காரையே நம் சுவர்களைப் பிணைத்து வந்தது. காரை மெதுவானது, சுவர் சிறிது அசைந்தால் தானும் இணங்கும், சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விடும். சிமெண்டோ கெட்டியானது, இணங்காது, ஈரத்தை வெளியே விடாது. பழைய காரைச் சுவரின் அடியில் ஈரம் கண்டதும் நாம் சிமெண்ட் பூசுகிறோம். பூச்சுக்குள் அடைபட்ட ஈரம் மேலே ஏறுகிறது. அடியில் பொரிந்த சுவர் ஐந்தடி உயரத்தில் பொரிகிறது. நோயை மறைத்த மருந்து நோயை வளர்க்கிறது.

இன்னொரு துன்பமும் உண்டு. அது வீட்டுக்காரன் செய்த குற்றமன்று. சாலையைச் செப்பனிடும் ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய அடுக்கை இட்டு வந்தமையால், தெரு உயர்ந்துகொண்டே போயிற்று. முன்னோர் இடுப்பளவு உயர்த்திய பேஸ்மட்டம் கணுக்காலளவாயிற்று. பல இடங்களில் திண்ணை தெருவுக்குள் புதைந்தது. மழைநீர் வீட்டுக்குள் வழி கேட்கிறது. 2021 மே மாதத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர், மேலடுக்கைச் சுரண்டிவிட்டே புதிய சாலை இட வேண்டும் என்று அறிவுறுத்தினார். இதற்கிடையே, வீட்டையே திருகு ஜாக்கிகளால் தூக்கி உயர்த்தும் தொழில் தமிழகத்தில் பரவியுள்ளது. பலர் இதனைப் புதுமை என வியக்கின்றனர். சேற்று நிலத்தில் எழுந்த அமெரிக்காவின் சிக்காகோ நகரம், கழிவுநீர்க் கால்வாய்களுக்காகத் தெருக்களை உயர்த்தியபோது இதனைச் செய்துவிட்டது. 1860 இல் லேக் தெருவில் 320 அடி நீளமுள்ள கட்டட வரிசையை, ஏறத்தாழ 6,000 திருகுகளை 600 பேர் ஒரே தாளத்தில் சுழற்றி, ஐந்தே நாட்களில் நான்கரை அடிக்கு மேல் உயர்த்தினர். ஆயின் ஒரு வேறுபாடு. அங்கே நகரமே முடிவு செய்து தெருவை உயர்த்தியது. இங்கே தெரு கேளாமலே உயர்ந்தது. செலவு மட்டும் வீட்டுக்காரன் தலையில் விழுகிறது.

அப்படியாயின் பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் பழைய வீட்டை வைத்திருப்போர் செய்யத்தக்கது யாது? வரலாறு காட்டும் வரிசை எளிதே. முதலாவது, விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைத்து ஒரு மழையும் ஒரு கோடையும் பார்க்க வேண்டும். கண்ணாடி உடையாவிடில் அது பழைய காயம். உடைந்தால் வீடு இன்னும் அசைகிறது என்று பொருள். சுவர் பிதுங்கியோ சாய்ந்தோ இருந்தால் காத்திராமல் முட்டுக் கொடுத்து, ஆட்களை வெளியேற்ற வேண்டும். இரண்டாவது, கூரைநீரும் குளியலறை நீரும் எங்கே போகின்றன, கழிவுநீர்க் குழி சுவரை ஒட்டி உள்ளதா, அரசும் ஆலும் கடைக்காலுக்குள் வேர்விட்டுள்ளனவா என்று ஆராய வேண்டும். நீரை அகற்றினாலே பாதி நோய் தீரும். அதற்கு ஆகும் செலவும் சிறிது. அதன் பின்னரும் அசைவு நில்லாவிடில், தேர்ந்த பொறியாளரின் மேற்பார்வையில், சுவரின் அடியை மூன்று நான்கு அடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாகத் திறந்து, புதிய கடைக்காலை இன்னும் ஆழத்தில் ஊன்ற வேண்டும். அண்டையிலுள்ள துண்டைத் தொடுமுன் முதல் துண்டு இறுகியிருத்தல் வேண்டும். பூச்சு வேலை எல்லாவற்றுக்கும் இறுதியிலே வருவது. பழைய சுவருக்குச் சுண்ணாம்பே உரியது.

இதிலே ஒரு மனத்தடை உண்டு என்பதையும் நாம் அறிவோம். முகப்புக்குச் சாயம் பூசினால் ஊரார் பார்ப்பர். மண்ணுக்குள் இட்ட பணத்தை எவரும் பாரார். சகோதரர் பலருக்குப் பொதுவான வீடாயின், யார் செலவிடுவது என்னும் வினாவிலேயே பத்து மழைக்காலங்கள் கழிந்துவிடும். பின்னர் 'இடித்துவிடுவோம்' என்பதே ஒரே தீர்ப்பாகிறது. பாட்டனார் சிறுகச் சிறுகச் சேர்த்த கல்லும் மரமும் வண்டிக்கு இத்தனை என்று விலைபோகின்றன. பங்கு பிரிந்த மனையில் எழும் புதிய வீடும் அதே ஈரத்தின்மேல்தான் நிற்கிறது. காரணம் ஆராயப்படாமையால், தந்தை விட்டுச்சென்ற வீட்டோடு அதன் நோயும் மைந்தருக்கு உரிமையாகிறது.

நாம் வாழும் வீடு நமக்கு முன்னோர் தந்த அமானிதம். பின்வருவோருக்கு நாம் ஒப்படைக்க வேண்டிய பொருள். வாக்கர் இருட்டில் அடுக்கிய மூட்டைகளை அவ்வாலயத்துக்குச் செல்வோர் எவரும் காண்பதில்லை. எனினும் அவர்கள் தலைக்கு மேலிருக்கும் வளைவுகள் அவற்றின்மேல்தான் நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நேர்மையாகச் செய்யப்பட்ட வேலையே கண்ணுக்குத் தெரியும் அனைத்தையும் தாங்குகிறது. கடைக்கால் நமக்குக் கூறும் வரலாறு இதுவேயாகும்.