கண்மாய்க் கரையில் நடந்து வந்த பையனின் கேள்வி

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒரு வீட்டுக் கணக்கும் உண்டு!

சென்ற ஜனவரியில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து என் கையில் ஒரு வாட்ச் கட்டிவிட்டீர்கள். நேரம் மட்டுமா காட்டுகிறது? எத்தனை அடி நடந்தேன், இதயம் எத்தனை முறை துடித்தது, எத்தனை கலோரி எரித்தேன், எல்லாம் காட்டுகிறது. அதைக் கட்டிவிட்டபோது உங்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "டீச்சர், எட்டாம் வகுப்புல நான் ஒரு கேள்வி கேட்டேனே, ஞாபகம் இருக்கா? வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து வர்றதுக்கு எத்தனை கலோரி செலவாகும்னு கேட்டேன். 'பாடத்துல இருக்கிறதை மட்டும் கேளு, உட்காரு'ன்னு சொல்லிட்டீங்க."

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அவனுக்கு முப்பது வருடமாக ஞாபகம் இருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்மாய்க் கரை வழியாகத் தினமும் நாலு கிலோமீட்டர் நடந்து வருவான். காலையில் நீராகாரம்தான், சில நாள் அதுவும் இருக்காது. மதியச் சத்துணவு மணிக்குக் காத்திருப்பான். அவன் கேட்டது அறிவியல் கேள்வி மட்டுமில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. இத்தனை மாதமாக மகள் உதவியோடு தேடித் தேடிப் படித்தேன். தம்பி, இதோ உன் கேள்விக்குப் பதில். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

முதலில் பிரான்ஸ் நாட்டுக்குப் போவோம். 1782–83 குளிர்காலம். பாரிஸ் நகரில் லவாய்சியர், லாப்லாஸ் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு கினிப் பன்றியைப் பிடித்து ஒரு பாத்திரத்துக்குள் வைத்தார்கள். சுற்றிலும் பனிக்கட்டி. பன்றியின் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகித் தண்ணீராகிறது என்று எடை போட்டார்கள். அது மூச்சாக விடும் காற்றையும் அளந்தார்கள். விறகு எரிவதும் உயிர்கள் மூச்சு விடுவதும் அடிப்படையில் ஒன்றுதான், மூச்சு என்பது மெதுவான எரிதல் என்ற முடிவுக்கு வந்தார்கள். இன்று நாம் "கலோரி எரித்தேன்" என்று சொல்கிறோமே, அந்த எரிதல் அங்கிருந்து வந்ததுதான்.

சில வருடம் கழித்து லவாய்சியர் மனிதனிடம் வந்தார். செகான் என்ற அவருடைய உதவியாளர் முகமூடி மாட்டிக்கொண்டு உட்கார, சும்மா இருக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது, காலால் மிதித்து வேலை செய்யும்போது எவ்வளவு என்று அளந்தார்கள். லவாய்சியரின் மனைவி மேரி ஆன் அந்தக் காட்சியைப் படமாக வரைந்திருக்கிறார். ஓரத்தில் மேசை போட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும் பெண்ணாகத் தன்னையும் அதில் வரைந்துகொண்டார். வேலை செய்தால் ஆக்சிஜன் செலவு கூடுகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

1789-இல் இந்த ஆராய்ச்சி பற்றிய கட்டுரையில் லவாய்சியர் வெறும் எண்களோடு நிற்கவில்லை. உடலால் உழைத்துப் பிழைக்கும் ஏழையின் உடல்தான் அதிகம் எரிகிறது, அவனுக்குத்தான் அதிகம் சாப்பாடு தேவை, ஆனால் தேவையே இல்லாத செழிப்பு சும்மா இருக்கிற பணக்காரனிடம் இருக்கிறதே, இது என்ன விதி என்று வருந்தி எழுதினார். நடந்து வந்த பையன் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். இருநூறு வருடம் முன்னால் ஒரு பெரிய விஞ்ஞானி மதித்து யோசித்த கேள்வியைத்தான் நான் "உட்காரு" என்று சொல்லி அடக்கினேன். லவாய்சியர் அரசுக்காக வரி வசூலித்த நிறுவனத்திலும் பங்குதாரர். அதன் காரணமாகப் பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794 மே 8-ஆம் தேதி கில்லட்டினில் அவர் தலை போனது.

அடுத்து, கலோரி என்ற சொல். 1819-க்கும் 1824-க்கும் இடையில் பாரிஸில் நிக்கோலா கிளெமான் என்பவர் வகுப்பு நடத்தும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம் ஒரு கலோரி என்பது அவர் கணக்கு. பிற்பாடு வந்தவர்கள் ஒரு கிராம் தண்ணீருக்கு ஒரு கலோரி என்று வைத்தார்கள். நான் கரும்பலகையில் எழுதிப் போட்டது இந்தச் சின்னக் கலோரி. பிஸ்கட் பாக்கெட்டிலும் வாட்சிலும் வருவது பெரிய கலோரி, அதாவது கிலோ கலோரி. இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அன்று நான் பதில் சொல்ல முயன்றிருந்தாலும் இங்கேயே தடுக்கி விழுந்திருப்பேன்! இனி இந்தப் பதிவில் கலோரி என்றால் பெரிய கலோரிதான்.

இப்போது அமெரிக்கா. 1890களில் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் ஊரில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற பேராசிரியர் ஓர் அறை கட்டினார். செம்புத் தகடு போர்த்திய சின்ன அறை. ஒரு ஆள் அதற்குள்ளேயே நாள்கணக்கில் இருக்க வேண்டும். சாப்பாடு ஒரு சின்ன வழியாக உள்ளே போகும். குழாய்களில் ஓடும் குளிர்ந்த நீர் அந்த ஆளின் உடற்சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும். அது எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று பார்த்தே அவர் எரித்த கலோரியைக் கணக்கிட்டார்கள். ஓடாமல் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளும் உள்ளே உண்டு. உள்ளே போன உணவின் கணக்கும் வெளியே வந்த வெப்பம், வேலை இவற்றின் கணக்கும் ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போயின. ஆற்றல் அழியாது என்ற விதிக்கு மனித உடலும் கட்டுப்பட்டதுதான் என்று நிரூபணமானது. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்று இன்றும் நாம் சொல்வது அட்வாட்டர் தந்த கணக்குதான்.

ஆனால் அந்த அறைக்குள் நடக்க இடமில்லை. நடப்பதை அளக்க வேறு வழி வேண்டும். அதே காலத்தில் ஜெர்மனியின் பெர்லினில் நாதன் சுண்ட்ஸ் என்பவர் அதற்கு வழி கண்டார். நகரும் பட்டை மேல் நடக்கவிட்டு மூச்சை அளந்தார். இன்று ஜிம்மில் இருக்கும் டிரெட்மில்லின் மூதாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் மூட்டையோடு அணிவகுத்துப் போகும் சிப்பாயின் உடல் என்ன பாடுபடுகிறது என்று ஆராய்ந்து 1901-இல் ஷும்பர்க் என்பவரோடு சேர்ந்து ஒரு புத்தகமே போட்டார். நடைக் கணக்கு இப்படித்தான் ராணுவத்தோடு ஒட்டி வளர்ந்தது.

1911-இல் ஆக்ஸ்போர்டில் டக்ளஸ் என்பவர் வேலையை இன்னும் எளிதாக்கினார். காற்றுப் புகாத ஒரு பெரிய பையை முதுகில் கட்டிக்கொள்ள வேண்டும். மூக்கில் கிளிப். வாயில் குழாய். விடும் மூச்செல்லாம் பைக்குள் போகும். சாலையில் நடக்கலாம், மலையும் ஏறலாம். பிறகு பையில் உள்ள காற்றை அளந்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 5 கலோரி எரிந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வையுங்கள். நடைக் கலோரி பற்றி உலகத்தில் இருக்கிற கணக்குகளில் பெரும்பாலானவை இந்த வரியில்தான் நிற்கின்றன.

இப்படி அளந்து அளந்து கண்டது இது. சமதரையில், மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் அரைக் கலோரி கூடுதலாகச் செலவாகிறது. "கூடுதலாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே கிலோவுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். அது போக நடைக்கு ஆகும் செலவுதான் இந்த அரை.

என் கணக்கைப் பார்ப்போம். எடை 62 கிலோ. காலையில் ஐம்பது நிமிடத்தில் 4 கிலோமீட்டர் நடக்கிறேன். 62 × 4 × ½ = 124 கலோரி. வாட்ச் என்ன காட்டியது தெரியுமா? 246! பையில் இருந்த கைப்பேசிச் செயலி 171 காட்டியது. ஒரே ஆள், ஒரே நடை, மூன்று பதில். பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் சுழித்துவிட்டிருப்பேன்.

ஏன் இந்த வித்தியாசம்? ஒன்று, சும்மா இருந்தாலும் ஆகியிருக்கும் செலவையும் நடைக் கணக்கில் சேர்த்துக் காட்டுவார்கள். எனக்கு அது ஐம்பது கலோரிக்கு வரும். இரண்டாவது, வாட்ச் என் மூச்சை அளக்கவில்லை. கை ஆடுவதையும் நாடித் துடிப்பையும் பார்க்கிறது. நாம் கொடுத்த வயது, எடை, உயரத்தைச் சேர்த்து யாரோ எழுதிய சூத்திரத்தில் போட்டு ஒரு எண்ணை ஊகிக்கிறது. 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு வகைக் கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இதயத் துடிப்பை நன்றாகவே சொல்லின. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே நல்ல பட்டைகூட சராசரியாக 27 சதவீதம் தவறு. மிக மோசமானது 93 சதவீதம்.

சூத்திரமே யாருடைய உடம்பை வைத்துப் போட்டது என்ற கேள்வியும் உண்டு. ஓய்வில் இருக்கும் மனிதனுக்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி லிட்டர் ஆக்சிஜன் என்பது எல்லா அட்டவணைகளுக்கும் அடிப்படை. 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 769 பேரை அளந்து பார்த்தபோது சராசரி 2.6 தான் வந்தது. அளவுகோலே பலருக்குப் பொருந்தவில்லை. அதைவிட என்னை அசத்தியது 1986-இல் கென்யா நாட்டுப் பெண்களைப் பற்றி வந்த ஆய்வு. சிறு வயது முதல் தலையில் சுமை தூக்கிப் பழகிய அந்தப் பெண்கள், தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தலையில் வைத்து நடந்தபோதும் வெறுங்கையோடு நடந்ததைவிடக் கூடுதலாக எதுவும் செலவழிக்கவில்லை. அவர்கள் நடக்கும் விதத்திலேயே அந்தச் சிக்கனம் இருந்தது. சிப்பாய்களை வைத்துப் போட்ட கணக்கு அந்தப் பெண்களிடம் தோற்றுப்போனது.

ஆகவே வாட்சைக் கழற்றி எறியச் சொல்கிறேனா? இல்லை. நேற்றைவிட இன்று கூட நடந்தோமா என்று பார்க்க அது நல்ல துணை. ஆனால் அது காட்டும் கலோரியை நம்பிச் சாப்பிடாதீர்கள். என் தங்கை போனில் சொல்கிறாள், "அக்கா, இன்னைக்கு முந்நூறு எரிச்சாச்சு, ஒரு ஜாங்கிரி சாப்பிடலாம்ல?" நானும் அப்படித்தான் இரண்டு மாதம் கணக்குப் பார்த்து வடையும் பஜ்ஜியுமாகச் சாப்பிட்டேன். மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை ஏறிப்போய் நின்றது. டாக்டரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் புத்தி வந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம். அட்வாட்டர் கணக்கில் 14 × 9 = 126 கலோரி. அதாவது நான் 4 கிலோமீட்டர் நடந்து எரித்தது அந்த ஒரு கரண்டி எண்ணெய்தான். நடை இதயத்துக்கு, சர்க்கரைக்கு, மனதுக்கு நல்லது. அதற்காக நடங்கள். பலகாரத்துக்குக் கூலியாக நடக்காதீர்கள்.

இப்போது உன் கணக்கு, தம்பி. எட்டாம் வகுப்பில் நீ ஒல்லிப் பையன். 28 கிலோ என்று வைப்போம். போக வர 8 கிலோமீட்டர். 28 × 8 × ½ = 112. பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு ஆகும் செலவு பெரியவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆகவே 150-க்குப் பக்கம் என்று வைத்துக்கொள். அது ஒரு கைப்பிடி அரிசி. நீ பள்ளிக்கூடம் வந்து போக உன் உடம்பு தினமும் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. நடக்காமல் சும்மா படுத்திருந்தாலே அந்த வயதுப் பையன் உடம்புக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கு மேல் வேண்டும். மூச்சு விட, இதயம் துடிக்க, மூளை என் பாடத்தைக் கேட்க. இதில் வளர வேறு வேண்டும். நீ முதல் பாடவேளையில் தலை சாய்த்துத் தூங்கியதற்கு நான் ஸ்கேலால் அடித்திருக்கிறேன். அன்றைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் ஸ்கேலை எடுத்திருக்க மாட்டேன். வீட்டிலிருந்து இரண்டு இட்லி எடுத்து வந்திருப்பேன்.

2022-இல் அரசுப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இப்போது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காருவதைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகம்தான் வருகிறது.

உங்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடத்தில் இல்லாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால், தெரியவில்லை என்றால் "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை காலையில் சாப்பிட்டதா என்றும் கேளுங்கள்.

வீட்டுக் கணக்கு: உங்கள் எடை × நடந்த கிலோமீட்டர் × ½. விடையைக் கீழே எழுதுங்கள். வாட்ச் காட்டியதையும் பக்கத்தில் போடுங்கள். இந்த முறை யாரையும் உட்காரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்