நூல்கண்டு பிடித்தவர்கள்

புளியந்தோப்பில் பறப்பது என்றால் காத்தாடிதான். பட்டம் என்று பள்ளிப் புத்தகம்தான் சொல்லும். பின்னி ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கோடை மாலைகளில் மாடிக்கு மாடி பையன்கள் நிற்பார்கள். டீல் போட்டு அறுந்த காத்தாடிக்குப் பின்னால் தெருவே ஓடும். மாஞ்சாவுக்கு வஜ்ஜிரம் காய்ச்ச அடுப்பு வேண்டும்; அடுப்பு எங்கள் பொறுப்பு. நூல்கண்டு பிடிப்பதும் எங்கள் பொறுப்பு. நூலை இழுப்பதும் விடுவதும் தம்பி. வயதுக்கு வந்ததும் நூல்கண்டும் கையை விட்டுப் போனது; மாடிக்குப் போக இனிக் காரணம் வேண்டும்.

இன்றைய பிள்ளைகளுக்குப் பறப்பதில் நாட்டம் இல்லை, செல்போனே கதி என்று எங்கள் தெருப் பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். சின்ன விமானம் ஓட்டிப் பழகிய வசதியான வீட்டுப் பெரியவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்: ஆசைக்காகப் பறக்க இளைஞர்கள் வருவதில்லையாம். இரண்டு புலம்பலிலும் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. அந்த ஆசைக்கு யாருக்கெல்லாம் நேரம் தரப்பட்டிருந்தது?

1920-களின் இறுதியில் தில்லி, பம்பாய், கராச்சி போன்ற ஊர்களில் அரசு மானியத்துடன் ஃப்ளையிங் கிளப்புகள் தொடங்கின. 1929 பிப்ரவரியில் ஜே.ஆர்.டி. டாட்டா உரிமம் வாங்கினார். அடுத்த ஆண்டு மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் வந்தது. வெள்ளை அதிகாரிகளும் சுதேசிச் செல்வந்தர்களும் பறந்தார்கள். அதே நகரின் வடக்கே, 1921 ஆலை வேலைநிறுத்தத்தின்போது மூண்ட சாதிக் கலவரத்தில் குடிசைகள் எரிந்த புளியந்தோப்பு இருந்தது. மானியம் போன திசையைக் கவனியுங்கள்.

அந்த வசதியான வட்டத்துக்குள்ளும் பெண் தானாக நுழைந்துவிடவில்லை. 1932-இல் ஊர்மிளா பாரிக் உரிமம் பெற்றார். 1936-இல் லாகூரில் சர்ளா துக்ரால் புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார். வயது 21, நான்கு வயது மகள் இருந்தாள். விமானிகள் நிறைந்த புகுந்த வீடு அவரைத் தூண்டியது. 1,000 மணி நேரம் பறந்தார். 1939-இல் விமானியான கணவர் விபத்தில் இறந்தார். வணிக விமானி உரிமத்துக்காக அவர் பயிற்சிக்குப் போனபோது உலகப் போர் வந்து பயிற்சி நின்றது. பிறகு ஓவியம் கற்று, பிரிவினைக்குப் பின் தில்லியில் நகையும் துணியும் வடிவமைத்துப் பிழைத்தார். போர்தான் தடுத்தது என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். போர் எப்போதோ முடிந்துவிட்டது. ஆசைக்காகப் பறக்க அதன்பின் அவருக்கு யார் நேரம் தந்தார்கள்?

நம் ஊரோடு தொடர்புள்ளவர் உஷா சுந்தரம். 1949-இல் பெங்களூர் ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் தேர்ந்தார். 1951-இல் கணவர் வி. சுந்தரத்துடன் டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சாதனை படைத்தார். சர்ளாவைப் போலவே இவருக்கும் வானத்துக்கு வழி வீட்டு ஆண் மூலமாகவே திறந்தது. அவர்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கதவின் சாவி யாரிடம் இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்திய விமானிகளில் பெண்கள் 12.4 விழுக்காடு என்று 2021-இல் ஒரு பன்னாட்டுக் கணக்கு வந்தது. அப்போது உலகச் சராசரி ஏறத்தாழ 5. பெருமைதான். ஆனால் அது சம்பளத்துக்கான வானம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும்; செலவு பல பத்து லட்சம். நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ மகளை அனுப்புகிற வீடுகள் உண்டு. வேலை கிடைக்கும் என்பதால் அனுப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா ஒரு சுற்று பறந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பும் மகளுக்கு யார் கடன் தருவார்? பெண்ணின் உழைப்புக்குக் கதவு திறந்த அளவு அவள் விளையாட்டுக்குத் திறக்கவில்லை.

காத்தாடிக்கு வருகிறேன். மாஞ்சா நூல் வண்டியில் போனவர்களின் கழுத்தை அறுத்தது, குழந்தைகள் செத்தார்கள். சென்னையில் போலீஸ் தடை போட்டது. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. தடை சரிதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. 2020 ஊரடங்கில் வடசென்னை மாடிகளில் காத்தாடி திரும்ப வந்தது, பின்னாலேயே போலீஸும் வந்தது. கண்ணாடித் தூள் இல்லாத வெறும் பருத்தி நூலிலும் காத்தாடி பறக்கும். ஆனால் அறுப்பதுதான் ஆண்மை என்று பழகிய விளையாட்டில் அதற்கு மவுசு இல்லை. வெறும் நூல் போதும் என்று இருந்திருக்கக்கூடிய பெண்பிள்ளைகளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

என் அக்கா மகளுக்கு இப்போது 17. தனியார் விமானி உரிமம் வாங்கச் சட்டம் கேட்கும் வயது அதுதான். கல்லூரியிலிருந்து வந்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு அவள் மாடிக்குப் போகிறாள். பத்து நிமிஷம் ஆவதற்குள் கீழேயிருந்து குரல் வருகிறது: “துணி எடுக்க எவ்ளோ நேரம்டீ?”