கூல்கார்டி: பொன் விளைந்த ஊரில் ஒட்டகக்காரர்கள்

1892 செப்டெம்பரில் ஆதர் பெய்லி, வில்லியம் ஃபோர்ட் என்னும் இருவர் மேற்கு அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் பொன் கண்டனர். பெய்லி 554 அவுன்ஸ் பொன்னுடன் சதர்ன் குறொஸ் என்ற ஊருக்குச் சென்று தமது உரிமையைப் பதிவு செய்தார். செய்தி பரவியதும் கூடாரங்கள் முளைத்தன, கூடாரங்கள் நகரமாயின. 1898 அளவில் சுமார் 15,000 பேருடன், பேர்த், ஃப்றீமாண்டில் ஆகியவற்றுக்கு அடுத்த பெரிய நகரமாகக் கூல்கார்டி விளங்கியது.

அங்கே ஆறும் இல்லை, குளமும் இல்லை. அம்மண்ணின் பூர்வீகக் குடிகள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய பாறைக்குழி நீரை, வந்தேறிய கூட்டம் விரைவிலேயே வற்றச் செய்தது. உப்பேரி நீரைக் காய்ச்சி வடித்து விற்றார்கள். குடற்காய்ச்சல் பலரைக் கொண்டு போயிற்று. குதிரையும் மாடும் தாங்காத அந்தப் பாதைகளில் உணவு, கருவிகள், தபால் ஆகியவற்றோடு தண்ணீரையும் சுமந்து சென்றவை ஒட்டகங்களே. அவற்றை நடத்தி வந்தோர் முஸ்லிம்கள். பெஷாவர், பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் எனப் பல பிரதேசங்களிலிருந்து வந்த இவர்களை அவுஸ்திரேலியர் 'ஆப்கானியர்' என்ற ஒரே பெயரால் அழைத்தனர். ஃபைஸ் மஹோமத், தாக் மஹோமத் என்ற சகோதரர்கள் இவர்களுள் பெரும் வணிகர்கள்.

பொன்வயலுக்கு உயிரூட்டிய இம்மக்களுக்குப் பொன் தோண்டும் உரிமை இருக்கவில்லை. ஆசியருக்குச் சுரங்க அனுமதியைச் சட்டம் மறுத்தது. 'கூல்கார்டி மைனர்' பத்திரிகையின் ஆசிரியர் வொஸ்பர் இவர்களுக்கெதிராக இடைவிடாது எழுதினார். வண்டிக்காரரின் தொழிற்போட்டி இன வெறுப்பாகப் பேசப்பட்டது. நீர்நிலைகளில் கைகால் கழுவி இவர்கள் தண்ணீரை அசுத்தப்படுத்துகிறார்கள் என்பது பெரிய குற்றச்சாட்டு. வுழூச் செய்வது நமக்கு வணக்கத்தின் வாசல். அங்கோ அதுவே பகைக்குக் காரணமாயிற்று. 1894 இல் நீர்நிலை ஒன்றருகே எழுந்த தகராறில் ஒட்டகக்காரர் இருவர் வெள்ளையர் ஒருவரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். சுட்டவரை நீதிமன்றம் விடுதலை செய்தது.

இவர்களை மாசற்ற தியாகிகளாக மட்டும் சித்திரிப்பதும் வரலாறாகாது. 1896 ஜனவரியில், கூல்கார்டிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த தாக் மஹோமத்தைச் சுட்டுக் கொன்றவர் இன்னொரு முஸ்லிமே. அவர் தூக்கிலிடப்பட்டார். சண்டையும் சகோதரத்துவமும் கலந்த ஒரு சமூகமாகவே இவர்களும் வாழ்ந்தனர்.

அதே ஆண்டில் கூல்கார்டிக்குப் புகையிரதம் வந்தது. பொறியியலாளர் ஓ'கொனரின் திட்டப்படி சுமார் 530 கிலோமீற்றர் நீளக் குழாய்வழி நீர் 1903 ஜனவரியில் பொன்வயல்களைச் சென்றடைந்தது. பத்திரிகைகளின் கடுந்தாக்குதலுக்கு ஆளான அவர், 1902 மார்ச்சிலேயே தம்முயிரை மாய்த்துக் கொண்டிருந்தார். ஒட்டகத்தின் தேவை இவ்வூரில் குறையத் தொடங்கியது. 1901 இன் குடிவரவுச் சட்டம் புதியவர்களுக்குக் கதவடைத்தது. 1903 இன் சட்டம் ஆசியருக்குப் பிரஜாவுரிமையை மறுத்தது. பலர் தாயகம் திரும்பினர். எஞ்சியோரின் பங்களிப்பால் எழுந்த பேர்த் பள்ளிவாசலுக்கு 1905 இல் அடிக்கல் நடப்பட்டது.

பொன் அருகியதும் கூல்கார்டி தேய்ந்தது. அயலிலுள்ள கல்கூர்லி நிலைத்து நிற்க, இங்கு இன்று ஆயிரம் பேர்கூட இல்லை. பெய்லியின் பெயரில் அகன்ற பெருந்தெரு இருக்கிறது. ஒட்டகக்காரரைத் தேடுவோர் மையவாடிக்குத்தான் போக வேண்டும்.

ஆயினும் அவர்களுள் ஒருவர் எழுதுகோலை எடுத்தார். முஹம்மத் ஹஸன் மூசாகான் தொகுத்த அவுஸ்திரேலிய இஸ்லாமிய வரலாற்று நூல் 1932 இல் அடிலெய்டில் வெளியானது. வொஸ்பரின் பத்திரிகை ஒன்றே சாட்சியாக எஞ்சியிருந்தால் அம்மக்கள் தண்ணீரைக் கெடுத்தவர்களாகவே அறியப்பட்டிருப்பார்கள். தன் கதையைத் தானே பதிவு செய்யாத சமூகத்தின் கதையைப் பிறர் எழுதுவர் என்பதற்குக் கூல்கார்டி ஓர் உதாரணம்.