சூலியா தெருவும் பாயான் லெப்பாஸும்: பினாங்கு மின்னணுத் தொழிலில் தமிழர்

சூலியா தெரு (மலாயில் லெபு சூலியா), மலேசியாவின் பினாங்குத் தலைநகரான ஜார்ஜ் டவுனில் கடற்கரைப் பக்கமிருந்து பினாங்கு சாலை வரை செல்லும் பழைய வணிகத் தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்குச் 'சூலியா' என்று பெயர். தெருவும் அவர்களால் பெயர் பெற்றது. இதற்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை உள்ளது. தீவின் முதல் பொருளாதாரமான துறைமுக வணிகத்தைக் கட்டியவர்களில் தமிழர் முன்வரிசையில் இருந்தனர். இரண்டாவது பொருளாதாரமான மின்னணுத் தொழிலில் அவர்களுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது, ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

துறைமுகக் காலம்

1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் தீவைக் கைக்கொண்ட சில ஆண்டுகளுக்குள் சூலியாக்கள் இங்கே கடை விரித்துவிட்டனர். அவர்களின் தலைவர் காதர் முகைதீன் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் முனையிலுள்ள நாகூர் தர்காவும் அந்தக் காலத்தின் சாட்சிகள். 1833இல் குவீன் தெருவில் மகாமாரியம்மன் கோயில் எழுந்தது. பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட, சரக்கைத் தோணிகளில் ஏற்றி இறக்கியவர்களில் தமிழர் ஏராளம். துறைமுகத் தொழிலாளருக்குத் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவு தடி வைத்துச் சுமந்து விற்ற சோறுதான் இன்றைய நாசி காண்டார். 'காண்டார்' என்பதே அந்தத் தடியைக் குறிப்பது. பினாங்குக்குச் சுற்றுலா வருபவர் வரிசையில் நின்று வாங்கும் உணவு, ஒரு காலத்தில் கூலிக்காரரின் காலைப்பசிக்கு வந்த சோறு.

1969: ஒரே ஆண்டில் பல அடிகள்

1969இல் பினாங்கு தன் சுங்கமில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. அதை நம்பியிருந்த மறு ஏற்றுமதி வியாபாரம் படுத்தது. அதே ஆண்டு மே 13 இனக் கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி இறுக்கமாக அமலானது. பல்லாண்டு உழைத்தும் குடியுரிமைப் பத்திரம் இல்லாத சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர் தமிழ்நாட்டுக்கும் பிற பகுதிகளுக்கும் திரும்பியதாகக் கணக்கிடப்படுகிறது. சரக்குப் பெட்டக முறை வந்ததும் துறைமுகத்தின் மையம் பட்டர்வொர்த் கரைக்கு நகர்ந்தது. தோணிக்காரர் வேலையும் போயிற்று.

மின்னணுத் தொழில் பிறந்ததும் இந்தச் சரிவில்தான். 1969இல் முதலமைச்சரான லிம் சோங் யூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்து வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப் போனார். 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தடையற்ற வணிக வளாகம் திறந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே அமைத்தது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் முதலிய தொடக்க நிறுவனங்கள் எட்டையும் 'எட்டுச் சாமுராய்' என்பது பினாங்கு வழக்கு. உருப்பெருக்கிக்கு முன் அமர்ந்து சில்லுகளில் நுண்கம்பி இணைத்த தொழிலாளரில் பெரும்பகுதியினர் கெடா, பெர்லிஸ் கிராமங்களிலிருந்து வந்த இளம் மலாய்ப் பெண்கள். நாட்டின் இனவிகிதம் வேலையிலும் தெரிய வேண்டும் என்ற 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கைக்கு இது பொருந்தி வந்தது. பூமிபுத்ராவும் (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்) அல்லாத, பெருமூலதனமும் இல்லாத தமிழர் அந்தக் கொள்கையின் இடைவெளியில் விழுந்தனர்.

தோட்டத்திலிருந்து ஆலைக்கு

எதிர்க்கரையான செபராங் பிறையில் கரும்பு, ரப்பர், பிறகு செம்பனைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் இருந்தனர். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்று. நிலம் கைமாறினால் இரண்டும் ஒரே நாளில் போகும். பத்து காவான் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பழைய தோட்ட மண்ணில் இன்று தொழிற்பூங்கா நிற்கிறது. மைக்ரான், பாஸ்டன் சயன்டிஃபிக் போன்றவை அங்கே உள்ளன. 2014இல் திறந்த இரண்டாவது பாலம் அதைத் தீவோடு இணைத்தது. ரப்பர்ப் பால் வெட்டிய கைக்கும் சில்லு ஆலையின் சுத்த அறை வேலைக்கும் இடையில் பாலம் போட வேண்டியது பள்ளிக்கூடம்.

அங்கேதான் படிகள் உடைந்திருந்தன. மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன்பின் மலாய்வழி இடைநிலைப் பள்ளி; மலாய் மொழித் தேர்ச்சி போதாத பிள்ளைக்கு இடையில் ஓராண்டு புகுமுக வகுப்பு. பல தோட்டப் பள்ளிகள் நிலம் தனியாருடையது என்பதால் பகுதி உதவி மட்டுமே பெற்றன. அறிவியல் கூடம் அவற்றுக்கு எட்டாக் கனி. பல்கலைக்கழகத்துக்கு ஓராண்டில் போகும் மெட்ரிகுலேஷன் வகுப்பில் பூமிபுத்ரா அல்லாதோருக்கு 2003இல் ஒதுக்கப்பட்டது 10 சதவீத இடமே. மற்றவருக்கு எஸ்டிபிஎம் தேர்வு என்ற நீண்ட வழி. தனியார் துறையிலோ, சீன மொழி தெரிந்தவர் தேவை என்று கேட்கும் வேலை விளம்பரம் மலேசியாவில் தீராத சர்ச்சை. இத்தனைக்கும் நடுவே பொறியாளரானவர்களைத் திறமைக்குச் சான்றாகக் காட்டலாம்; ஏணி சரியாக இருந்தது என்பதற்குச் சான்றாகக் காட்ட முடியாது.

எண்ணப்படுவோரும் எண்ணப்படாதோரும்

தொழில்நுட்பத் துறையில் எவ்வளவு இடம் என்ற இதே கேள்வி அமெரிக்காவில் கறுப்பினத்தவரைப் பற்றி எழுந்தது. மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதமான அவர்கள், 2014இல் கூகுள் முதன்முறையாக வெளியிட்ட கணக்கில் அதன் அமெரிக்க ஊழியரில் 2 சதவீதமே. ஃபேஸ்புக்கின் கணக்கும் அதேதான். கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் போன்றோர் பங்குதாரர் கூட்டங்களுக்கே சென்று கேட்டதால் வந்த வெளிப்படை அது. 2015இல் இன்டெல் ஊழியர் பன்மையைக் கூட்ட 30 கோடி டாலர் ஒதுக்கியது.

அந்த இன்டெல்லுக்கு அரை நூற்றாண்டாக வீடு பினாங்கு. ஆனால் இத்தகைய நிறுவனங்களின் ஊழியர் பன்மை அறிக்கைகள் பொதுவாக அமெரிக்க ஊழியரையே இனவாரியாகக் காட்டின. உலக அளவில் ஆண், பெண் கணக்கோடு நிறுத்திக்கொண்டன. பங்குமூலதனத்தையும் வீட்டுச் சலுகையையும் இனவாரியாக அளந்து பழகிய நாட்டில், ஆலைக்குள் இருக்கும் பொறியாளர் மேசை மட்டும் அளவைக்குத் தப்பிவிடுகிறது. இந்தியாவுக்கும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை: அங்கே தனியார் துறைக்கு இடஒதுக்கீடு கிடையாது, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சாதிக் கணக்கு வெளியிடுவதும் வழக்கமில்லை. சாதிக் கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது: 2020இல் சிஸ்கோ மீது சாதிப் பாகுபாட்டு வழக்கைத் தொடுத்தது கலிஃபோர்னியா மாநில அமைப்பு.

அண்மைக் காலம்

2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் பேரணி நடந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலுக்குப் பின் பேராசிரியர் பி. இராமசாமி பினாங்கின் இரண்டாம் துணை முதல்வரானார்; 2023 வரை அப்பதவியில் இருந்தார். 2008இலேயே சூலியா தெருவை உள்ளடக்கிய ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலக மரபு நகரமானது. பழைய கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாயின. 2017இல் கூட்டரசு வெளியிட்ட மலேசிய இந்தியர் செயல்வரைவு, அரசுப் பணியிலும் பொது உயர்கல்வியிலும் இந்தியருக்கு 7 சதவீத இடம் என்று இலக்கு வைத்தது. அது பத்தாண்டுத் திட்டம்.