அணையாத கேள்வி – 7: லாகூர்ச் சிறையிலிருந்து ஈரோட்டு அச்சகத்துக்கு

சென்ற வாரம் பெரியாரின் மனைவி நாகம்மையாரின் மறைவோடு நிறுத்தியிருந்தோம். 1933 மே 11. துக்க வீட்டு ஆண்மகன் காரியம் முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது என்பது ஊர் வழக்கு. பெரியாரோ மறுநாளே திருச்சியில் இருந்தார். அங்கே ஒரு கிறிஸ்தவ ஜோடிக்குச் சுயமரியாதைத் திருமணம் ஏற்பாடாகியிருந்தது. அதற்கு எதிராக 144 தடை போட்டிருந்தார்கள். தடையை மீறினார், கைதானார்.

மனைவியைப் பறிகொடுத்த மனிதரிடம் எல்லா மதத்துப் பெரியவர்களும் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: எல்லாம் அவன் சித்தம். பெரியாரிடம் அது எடுபடாது. ஒரே மகளை ஐந்து மாதக் குழந்தையாகவே இழந்தவர் அவர். ஈரோட்டில் பிளேக் வந்தபோது நிவாரணக் குழுவின் செயலாளராக இருந்து, தொடவே ஆளில்லாத பிணங்களைத் தோளில் சுமந்து போனவர். நல்ல கடவுள் ஒருவர் இருந்தால் இதெல்லாம் ஏன் என்ற கேள்வி அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல.

பிளேக் காலத்தைக் கொங்கு நாடு இன்னும் மறக்கவில்லை. வீட்டு எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்துகொண்டு தோட்டத்துச் சாளைகளில் போய்க் கிடப்பார்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே இன்றும் கோயில்கள் இருக்கின்றன. அம்மனுக்குக் கோபம் என்றார்கள் சிலர். போன ஜென்மத்துப் பாவம் என்றார்கள் சிலர். இரண்டும் பதிலா என்பது வேறு விஷயம். கேட்டவன் வாயை அடைக்க அவை போதுமாக இருந்தன.

கிறிஸ்தவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குப் பிறவி ஒன்றுதான், கடவுளும் ஒருவர்தான். அவர் எல்லாம் வல்லவர், அன்பே உருவானவர். அப்படியானால் பாலுக்கு அழும் குழந்தைக்குப் பிளேக் ஏன்? பழைய கணக்கைக் காட்டித் தப்பிக்க வழியே கிடையாது.

கொங்கு மண்ணில் லண்டன் மிஷன் 1830 முதல் வேரூன்றியிருந்தது. அந்த ஆண்டில்தான் ஆடிஸ் பாதிரியார் கோவைக்கு வந்தார். ஈரோட்டில் பிரப் பாதிரியாரும் போப்லி பாதிரியாரும் ஊழியம் செய்தார்கள். பிரப் பெயரைத் தாங்கிய ஆலயம் இன்றும் நிற்கிறது; அங்கிருந்து பெரியார் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். போப்லி நம் இசையைக் கற்று 1921இல் ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். 1931இல் குறளின் ஒரு பகுதியையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அந்தக் குறளிலேயே, இரவச்சம் அதிகாரத்தில் வள்ளுவர், பிச்சையெடுத்தே ஒருவன் பிழைக்க வேண்டுமென்றால் அப்படி உலகை அமைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று சாபமிடுகிறார். படைத்தவனைக் கூண்டில் ஏற்றும் துணிச்சல் நமக்கு இரவல் சரக்கல்ல.

1934 ஜனவரி 15இல் பீகாரில் பூமி குலுங்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அரிஜன யாத்திரையில் இருந்த காந்தி, ஒன்பது நாள் கழித்துத் திருநெல்வேலியில், இது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று பேசினார். தாகூர் வெளிப்படையாகவே மறுத்தார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இடிபாட்டில் தீண்டப்படாதவரும் சேர்ந்துதானே புதைந்தார்? பாதிக்கப்பட்டவனுக்கே தண்டனை கொடுக்கும் நீதி என்ன நீதி?

அந்த ஆண்டுகளில் பெரியாரின் ஈரோட்டு அச்சகம் இந்தக் கேள்வியை மலிவு விலைப் புத்தகங்களாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. 1927 மார்ச் 6இல் லண்டன் பாட்டர்சீ நகர மண்டபத்தில் பெட்ரண்ட் ரஸ்ஸல் ஆற்றிய உரையைக் குத்தூசி குருசாமி தமிழாக்கினார்: ‘நான் ஏன் கிறிஸ்தவனல்ல?’ அதில் ஓர் ஆரஞ்சுப் பெட்டி வருகிறது. இந்த உலகில் அநீதி இருப்பதால் அதைச் சரிக்கட்ட இன்னொரு உலகம் இருந்தாக வேண்டும் என்று சொல்கிறார்களே, பெட்டியைத் திறந்ததும் மேலடுக்குப் பழமெல்லாம் அழுகியிருந்தால் அடியில் நல்ல பழம் இருக்கும் என்றா நினைப்பீர்கள் என்று கேட்டார் ரஸ்ஸல். சந்தையில் பழம் வாங்கிய எவருக்கும் இது புரியும்.

அடுத்து வந்தது பகத்சிங்கின் கட்டுரை. 1930 அக்டோபரில் லாகூர்ச் சிறையில் எழுதியது. அவர் தூக்கிலேறிய பிறகு, 1931 செப்டம்பர் 27 அன்று லாகூரின் ‘தி பீப்பிள்’ ஏட்டில் வெளியானது. ‘நான் நாத்திகன் ஏன்?’ என்று அதைத் தமிழில் தந்தவர், இருபதுகளில் இருந்த பூதப்பாண்டிக்காரர் ப. ஜீவானந்தம் என்ற ஜீவா.

பகத்சிங் இந்துவிடம் கர்மவினையைக் கேட்கிறார். கிறிஸ்தவர் பக்கமும் முஸ்லிம் பக்கமும் கூடத் திரும்புகிறார். உங்களுக்கு முற்பிறப்பு கிடையாது. ஆறு நாளில் உலகைப் படைத்து, ஒவ்வொரு நாளும் நன்றாயிருக்கிறது என்று திருப்திப்பட்டாராமே உங்கள் கடவுள். அவரை இப்போது கூப்பிடுங்கள். சிறைகளையும் சேரிகளையும் பட்டினியையும் காட்டுங்கள். நன்றாயிருக்கிறது என்று இன்னொரு முறை சொல்லட்டும்! தூக்குக் கயிறு காத்திருந்த நிலையில் எழுதிய எழுத்து இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கிறிஸ்தவர் பதில் சொல்லாமல் இல்லை. தீமை மனிதனின் சுதந்திரத்தால் வந்தது என்பார்கள். கொலைக்கு அது பொருந்தும், பிளேக்குக்குப் பொருந்தாது. அவர்களின் வலுவான பதில் வேறு: எங்கள் கடவுள் மேலே இருந்து வேடிக்கை பார்க்கவில்லை, சிலுவையில் தொங்கி எங்களோடு சேர்ந்து துடித்தார். இது தர்க்கத்தைத் தீர்க்கவில்லை என்பதே என் முடிவு. உடன் அழுபவர் தடுக்க வல்லவராகவும் இருந்தால், ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி அங்கேயேதான் நிற்கிறது. ஆனாலும் ரஸ்ஸலும் பகத்சிங்கும் இந்தப் பதிலோடு மல்லுக்கட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஈரோட்டு மிஷன் ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவியவர்கள் அந்தச் சிலுவையை நம்பித்தான் கழுவினார்கள்.

வாதம் இதோடு நின்றிருந்தால் அரசாங்கம் திரும்பிப் பார்த்திருக்காது. ரஸ்ஸலின் புத்தகம் விற்றுக்கொண்டுதான் இருந்தது. பகத்சிங்கோ இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருந்தார். வெள்ளைக்காரன் நம்மை ஆள்வது கடவுளின் சித்தத்தால் அல்ல, அவனிடம் பலம் இருப்பதாலும் எதிர்க்க நமக்குத் துணிவில்லாததாலும்தான் என்று எழுதிவிட்டார். தீமைக்குக் கடவுள் காரணமல்ல என்றால், காரணமான மனிதனைச் சுட்டத்தானே வேண்டும்?

1935இன் தொடக்கத்தில் போலீஸ் ஈரோட்டுக்கு வந்தது. ராஜத்துரோகக் குற்றச்சாட்டு, 124ஏ பிரிவு. வெளியிட்டவர் என்று பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியும், மொழிபெயர்த்தவர் என்று ஜீவாவும் கைதானார்கள்.

இருவரையும் வெளியே கொண்டுவரப் பெரியார் ஒரு வழி சொன்னார். சுயமரியாதை இயக்கத்தைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி என்பது அவர் கணக்கு. தூக்குமேடைக்கு நிமிர்ந்து நடந்தவனின் எழுத்தைத் தமிழாக்கிய கை, இப்போது அரசாங்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும்.

ஜீவா எழுதினாரா?

(தொடரும்)