சிங்கப்பூரில் வாடகைக் கட்டுப்பாடும் ஏழையர் குடியிருப்பும் (1947–2001)

இரண்டாம் உலகப் போருக்குப்பின் சிங்கப்பூரில் வாடகைக்கு இடம் தேடியோர் இருவகை இடர்ப்பாட்டை எதிர்கொண்டனர். வீடுகள் போதவில்லை, கிடைத்தவையும் கூலிக்காரரின் வருவாய்க்கு எட்டவில்லை. இதற்குத் தீர்வாகப் பிரிட்டிஷ் ஆட்சி 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. வாடகைக்கு வரம்பிடுவதால் மட்டும் ஏழைக்கு வீடு கிட்டுமா என்னும் வினாவை இங்கு ஆராய முற்படுகிறோம்.

1947 செப்டம்பர் 7ஆம் நாளுக்குள் கட்டிமுடிக்கப்பட்ட கட்டடங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தியது. 1939 ஆகஸ்ட் 1ஆம் நாள் நிலவிய வாடகையே அடிப்படை அளவாயிற்று. வாடகையாளரை எளிதில் வெளியேற்றவும் இயலாது. நோக்கம் நன்றே. எனினும், கடைவீடுகளைத் தலைமை வாடகையாளர் ஒருவர் குறைந்த வாடகைக்குப் பெற்று, மாடிகளைப் பலகையால் தடுத்து, அறையறையாக உள்வாடகைக்கு விடும் வழக்கம் பரவியிருந்தது. சட்டத்தின் பயன் பெரும்பாலும் அவரோடு நின்றது. இடம் மாறும்போது ‘தேநீர்ப் பணம்’ என்னும் கணக்கில் வராத தொகையும் கைம்மாறியது. உரிமையாளரோ வருவாய் போதாமையால் பழுதுபார்ப்பதைக் கைவிட்டார். 1950களில் கோ கெங் சுவீ நடத்திய சமூக ஆய்வும், அப்பர் நான்கின் தெருவைப் பற்றிய பாரிங்டன் கேயின் ஆய்வும் இந்நெருக்கடியைப் பதிவுசெய்துள்ளன. சாளரமற்ற தடுப்பறையே பல குடும்பங்களுக்கு வீடாக இருந்தது.

தமிழரிடையே மார்க்கெட் தெருச் செட்டியார் கிட்டங்கிகள் இட நெருக்கடிக்கு வேறொரு விடையாக அமைந்தன. ஒரே கூரையின்கீழ்ப் பல நிறுவனத்தார் இடத்தைப் பகிர்ந்து, பகலில் தொழில் செய்து இரவில் அங்கேயே உறங்கினர். ஆயினும் அது வணிகச் சமூகத்தின் ஏற்பாடு. கூலித் தொழிலாளிக்கு அத்தகைய பின்புலம் இல்லை.

குறை, வீடுகளின் எண்ணிக்கையிலேயே இருந்தது. 1927இல் தோன்றிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை தியோங் பாரு உள்ளிட்ட இடங்களில், ஏறத்தாழ 32 ஆண்டுகளில் 23,000 குடியிருப்புகளையே கட்டியது. 1960 பிப்ரவரியில் அதன் இடத்தைப் பெற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதல் ஐந்தாண்டுகளிலேயே 50,000க்கும் மேற்பட்ட வீடுகளை எழுப்பியது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றோராக்கியமை இப்பணியை விரைவுபடுத்தியது. ஓரறை வீட்டின் மாத வாடகை 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60.

இம்மாற்றத்திற்கும் ஒரு விலை இருந்தது என்பதை மறத்தலாகாது. கம்பத்தில் காய்கறி பயிரிட்டும் கோழி வளர்த்தும் வாழ்ந்தோர் மாடிவீட்டில் அவ்வருவாயை இழந்தனர். மாதந்தோறும் தவறாது வாடகை செலுத்தும் கடப்பாடும் சேர்ந்தது. 1964இல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீடு வாங்கலாயிற்று. வாடகையாளராக வந்தோர் படிப்படியாக உடைமையாளராயினர். 2001 ஏப்ரலில் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டபோது, அதனை நம்பி வாழ்ந்தோர் முன்போல் பலரல்லர்.

எனவே, சட்டம் இருந்த வீட்டில் குடியிருந்தோரைக் காத்தது; வீடு தேடியோருக்கு வீட்டைத் தரவில்லை. 2022இல் தனியார் வீட்டு வாடகை ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தமைக்கும், பெருந்தொற்றால் கட்டுமானம் தாமதமானது ஒரு முதன்மைக் காரணமாகும். வாடகையின் வரம்பை ஆராய்வோர் வீடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும் என்பது எம் துணிபு.