நாலு பேரிடம் இருக்கட்டும்!

நெய்யில் தோய்த்தார்கள். மந்திரம் சொன்னார்கள். நெருப்பில் போட்டார்கள்.

எதை? ஓலைச்சுவடிகளை!

இடம், புளியங்குடியிலிருந்து அதிக தூரமில்லாத கரிவலம்வந்தநல்லூர். அங்கே வாழ்ந்த பாண்டிய மன்னர் ஒருவரின் ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆசையோடு வந்தார் உ.வே.சாமிநாதையர். கிடைத்த பதில்? 'பழசாகிப்போன ஏடுகளை ஆகமப்படி ஹோமத்தில் சேர்த்தாகிவிட்டது!' நொந்துபோனார் ஐயர். அதை எழுதியும் வைத்தார்.

போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. பக்தியோடுதான் செய்தார்கள். ஆனால் ஓலைக்கு ஆயுசு குறைவு. பூச்சி அரிக்கும், ஈரம் தின்னும். செல்லரிப்பதற்குள் யாராவது புது ஓலையில் பார்த்து எழுதியாக வேண்டும். ஒரு தலைமுறை சோம்பல்பட்டால் கதை முடிந்தது. கடையில் பில் போடுகிறவருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அடியில் கார்பன் பேப்பர் வைக்காமல் அவர் எழுதவே மாட்டார்.

சரி, ஏட்டைக் காப்பாற்றினால் போதுமா? அதைப் படித்து ரசிக்க ஆள் வேண்டாமா? அதற்கும் இந்தச் சீமையிலேயே வழி காட்டினார் ஒருவர். ரசிகமணி டி.கே.சி. 1920-களில் திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடுவார்கள். கம்பனைப் படிப்பார்கள், ரசிப்பார்கள், சண்டையும் போடுவார்கள். பெயரே 'வட்டத்தொட்டி' ஆகிவிட்டது. பிற்பாடு அவர் குற்றாலத்துக்குக் குடிவந்தபோது கச்சேரியும் கூடவே வந்தது. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார்.

1954-ல் டி.கே.சி. மறைந்தார். வட்டத்தொட்டியில் பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று. நண்பர்கள் பத்திரப்படுத்திய அவரது கடிதங்கள் புத்தகமாகி மிஞ்சின.

அந்தக் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்காகவே பிற்பாடு ஒரு வட்டத்தொட்டி கூடியது. இந்த முறை இண்டர்நெட்டில், யாஹூ குழுவாக! நாவலில் மயங்கிச் சேர்ந்தவர்கள், சோழர் கோயில்களைத் தேடிக் கிளம்பினார்கள். கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் சிலர் 2004-ல் 'வரலாறு டாட் காம்' என்ற மின்னிதழே தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம்? 2019 டிசம்பரில் யாஹூ தன் குழுக்களின் பழைய மடல்களை அழித்தது. மறுவருஷம் கடையையே மூடியது. கரிவலம்வந்தநல்லூர் ஹோமம்தான், மந்திரம் மட்டும் இல்லை! இறக்கி வைத்துக்கொண்டவர்களிடம் இருந்ததுதான் மிச்சம்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியல் விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது, ஆபீஸ் கிடையாது. உலகின் ஒரு மூலையில் ஒருவர் டைப் அடிப்பார். முகம் பார்த்திராத இன்னொருவர் பிழை திருத்துவார். சங்க இலக்கியம் முதல் நம்ம ஊர் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி வரை ஏறிவிட்டன.

அவர்கள் வைத்த நிபந்தனை என்ன தெரியுமா? முகப்புப் பக்கத்தை நீக்காமல் யார் வேண்டுமானாலும் இலவசமாக நகல் எடுத்துக் கொடுக்கலாம்! 'டிஸ்கி' எழுத்துமுறை பழசானபோது, யுனிகோடுக்கு மாற்றினார்கள். பழைய ஓலையிலிருந்து புது ஓலைக்கு மாற்றிய அதே வேலைதான். இன்றைக்கு அந்தத் தளமே படுத்தாலும் நூல்கள் பிழைக்கும். எத்தனையோ பேர் கம்ப்யூட்டரில் நகல் இருக்கிறதே!

கூடிப் பேசுவது சுகம். பேசியதை யாரோ ஒரு கம்பெனியின் பரணில் போட்டுவிட்டுத் தூங்குவதுதான் ஆபத்து. இப்போது வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் ஊர்க்கதை, கோயில் கல்வெட்டு, தாத்தா காலத்து போட்டோ என்று கொட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பரணும் நம்முடையது இல்லை.

புளியங்குடி எலுமிச்சை மண்டியில் உட்கார்ந்துகொண்டு, செல்போனில் குறவஞ்சி படிக்கலாம் இன்று. முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து டைப் அடித்ததால்! உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய நோட்டை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். படம் பிடியுங்கள். நாலு பேரிடம் கொடுத்து வையுங்கள்.